தலை நிற்காத பிள்ளையின் கழுத்தில் கை வைக்க யார் அனுமதித்தது?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு, குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மாசி மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஐப்பசியில் நான் கொடுத்த மனுவுக்கு மாவட்டத்தில் ஓர் அலுவலகம் அனுப்பிய பதில். மொத்தமே நான்கு வரி. "மேற்படி நிலையத்தில் மருந்தோ ஊசியோ வழங்கப்படுவதில்லை என்பதாலும், பெற்றோரின் விருப்பத்தின் பேரில் உடற்பயிற்சி சார்ந்த சேவை மட்டுமே அளிக்கப்படுவதாலும், நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை" என்று இருந்தது.

அந்தச் சேவையைப் பெற்றவன் என் பேரன். அன்றைக்கு அவனுக்கு வயது 23 நாள். 23 நாள் பிள்ளைக்கு உடற்பயிற்சி என்று ஒன்று கிடையாது. அவனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். கழுத்தில் ஒரு கருவியை வைத்துத் தட்டினார்கள். இதைத்தான் அந்தக் கடிதம் சேவை என்கிறது. இதற்கு மேல் மனு எழுதி யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால், எல்லோரும் படிக்கும்படி உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 1990 முதல் 2022 வரை கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் சுற்று வட்டாரத்து ஊர்களிலேயே என் பணிக்காலம் முழுக்கப் போய்விட்டது. எத்தனை பச்சைப்பிள்ளைகளைக் கையில் வாங்கியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளையைக் கையில் வாங்கும்போதே அதன் கனத்திலும் சூட்டிலும் பாதிச் செய்தி தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு அந்த வேலை எனக்குப் பழக்கம்.

என் மருமகள் பேறுகாலத்துக்குப் பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை ராத்திரி முழுக்க அழுதான். ஒரு பக்கமே தலையைச் சாய்த்துப் படுத்தான். யாரோ செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார்கள். "பிரசவத்தின்போது விலகிய கழுத்தெலும்பைச் சரிசெய்கிறோம், பிறந்த முதல் நாளிலிருந்தே வரலாம்" என்று அதில் இருந்திருக்கிறது. முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலோ கருவியாலோ தட்டித் திருகிச் சரிசெய்வதாகச் சொல்கிற முறை அது, கைரோபிராக்டிக் என்று பெயர். சம்பந்தியம்மாள் பதறிப்போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஐந்து ராத்திரி தூங்காத வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அன்று சாயங்காலம் மருமகள் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினாள். அதை அந்த நிலையத்தாரே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் மெல்லிய சங்கீதம். நீலச் சட்டை போட்ட ஒருவர் பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் ஒரு கையில் பிடித்துத் தொங்கவிடுகிறார். பிள்ளையின் கைகள் இரண்டும் விரிந்து நடுங்குகின்றன. கீழே விழப்போகிறோம் என்று பச்சைப்பிள்ளை பயந்தால் கை அப்படித்தான் விரியும். பிறகு மேசையில் குப்புறப் போட்டு, பேனா மாதிரி ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியைக் கழுத்தின் பின்பக்கம் வைத்து அமுக்குகிறார். டிக், டிக், டிக் என்று மூன்று தடவை. பிள்ளை வீறிட்டு அழுகிறான், பிறகு முனகுகிறான், பிறகு அடங்கிப்போகிறான். "பார்த்தீங்களா, அழுகை நின்னுட்டு" என்று ஒரு குரல் கேட்கிறது.

அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே மருமகளைக் கூப்பிட்டேன்.

"பால் குடிச்சானா தாயி?"

"இல்ல அத்தை, தூங்குதான். மூணு மணிக்குத் தூங்குனவன், இன்னும் முழிக்கல. நல்லா அசந்து தூங்குதான்."

"மேலைத் தொட்டுப் பாரு."

"லேசா சுடுது. வெயில்ல போய்ட்டு வந்தோம்லா, அதா இருக்கும்."

"உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் குரல் மாறியிருந்தது. "அத்தை, அழ மாட்டேங்கான். முனங்குதான்."

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று நின்று போனபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது பேரன் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போயிருந்தான். சிறுநீர்த் தொற்று, ரத்தத்திலும் பரவியிருக்கிறது என்றார்கள். 14 நாள் ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தத் தொற்று நீலச் சட்டைக்காரரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மனுவிலும் அப்படி எழுதவில்லை. முதல் நாள் ராத்திரியே அது தொடங்கியிருக்க வேண்டும் என்றுதான் டாக்டரும் சொன்னார். நான் எழுதியது வேறு. நோயோடு வந்த பிள்ளை ஒன்று அந்த மேசையில் கால் மணி நேரம் கிடந்திருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்களா? இல்லை. எடை போட்டார்களா? இல்லை. கடைசியாக எப்போது பால் குடித்தான், எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று கேட்டார்களா? அதுவும் இல்லை. கழுத்து சாய்ந்திருப்பதைப் போட்டோ எடுத்தார்கள், எலும்பு விலகியிருக்கிறது என்றார்கள், ஆறு தடவை வர வேண்டும் என்றார்கள், மொத்தமாகக் கட்டினால் 7,500 ரூபாய் என்றார்கள். பிள்ளை உணர்வு மங்கிப்போனதைச் சுகமாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் என் மருமகள் மூன்று மணியிலிருந்து அவனை எழுப்பாமல் தூங்கவிட்டிருக்கிறாள்.

28 நாளுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காய்ச்சல் என்பது எங்கள் துறையில் முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற பாடம். அக்குளில் வைத்துப் பார்த்தால் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ, அல்லது 35.5-க்குக் கீழே குளிர்ந்து போயிருந்தாலோ. மூச்சு நிமிடத்துக்கு 60-ஐ எட்டினாலோ. நெஞ்சு உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிப்பதை நிறுத்தினாலோ, தட்டினால் மட்டும் அசைந்தாலோ. இதில் எந்த ஒன்றையும் பார்க்கத் தெரியாத ஒருவரிடம் பிறந்த முதல் நாளிலிருந்தே பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று விளம்பரம் போகிறது.

இந்த இடத்தில் ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 90-களின் தொடக்கத்தில் நான் பார்த்த ஊர்களில் ஒன்றில் உரம் எடுக்கிற ஆச்சி ஒருத்தி இருந்தாள். பிள்ளை விடாமல் அழுதால் உடம்பில் சுளுக்கு மாதிரி உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். பழைய நூல்சேலையில் பிள்ளையைக் கிடத்தி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து, மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். சில வீடுகளில் சுளகில் போட்டு அசைப்பதும் உண்டு. எனக்கும் ஆச்சிக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது.

அப்போது பதினோரு நாள் பிள்ளை ஒன்று பால் உறிஞ்ச முடியாமல் கழுத்து விறைத்துப்போனது. உரம் விழுந்துவிட்டது என்று ஆச்சியிடம் இரண்டு நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குத் தகவல் தெரிந்து போய்ப் பார்த்தபோது பிள்ளை வில்லாக வளைந்து கிடந்தது. தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் கிருமி ஏறி வந்த ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனோம். காப்பாற்ற முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆச்சி என் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நர்ஸம்மா, எது உரம், எது சீக்குன்னு எனக்குச் சொல்லித் தா" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளிடம் யார் பிள்ளையைக் கொண்டுபோனாலும் வாசலிலேயே நிறுத்தி மூன்று கேள்வி கேட்பாள். பால் குடிக்கா? மேலு சுடுதா? தட்டுனா முழிக்கா? ஒன்றில் தப்பு வந்தாலும் பிள்ளையைத் தொட மாட்டாள். "இது என் கைக்கு உள்ளதில்லட்டீ, நர்ஸம்மாட்ட கொண்டு ஓடுங்க" என்று விரட்டுவாள். சாகிற வரைக்கும் அதில் மாறவில்லை. பேறுகாலத் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பெருகி, பச்சைப்பிள்ளைகளின் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தபோது, எனக்கு முதலில் அந்த ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத அவள் கேட்ட மூன்று கேள்வியை ஏசி போட்ட அறையில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்ப் பேசிக் குறைத்த ஒரு பழக்கம், புதுப்பெயரோடும் கேமராவோடும் கட்டணத்தோடும் திரும்ப வந்திருக்கிறது. சேலையில் உருட்டியபோதாவது பிள்ளையின் கழுத்தை யாரும் தனியாகத் தொடவில்லை.

கைரோபிராக்டிக் என்பது என்ன என்று நானும் தேடிப் படித்தேன். 1895-ல் அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில், டி.டி.பாமர் என்பவர் தொடங்கியது. மனிதருக்கு வருகிற நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு இடம் நகர்வதால் வருகின்றன என்று அவர் நம்பினார். முதுகுவலி உள்ள பெரியவர்கள் அதனிடம் போவதும் வருவதும் அவர்கள் இஷ்டம். அதற்குள் நான் போகவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதுகெலும்பின் பெரும்பகுதி இன்னும் குருத்தாகவே இருக்கிறது. உடம்பின் நீளத்தில் கால் பங்கு தலை. அந்தத் தலையைத் தாங்கக் கழுத்துக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும். தலை நிற்கிற வரைக்கும் பிள்ளையைத் தூக்கும்போது கழுத்துக்குக் கீழே கை கொடு என்று நம் வீட்டில் சின்னப்பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். சுகப்பிரசவமான பிள்ளைக்கு அங்கே எலும்பு விலகியிருக்கிறது என்பதைக் காட்ட அவர்களிடம் ஓர் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ கிடையாது. வெறும் போட்டோவைக் காட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் இந்த முறைக்குச் சட்டப்படி பதிவும் வாரியமும் உண்டு. மெல்பர்னில் இரண்டு வாரப் பிள்ளையை ஒருவர் இப்படியே தலைகீழாகப் பிடித்த வீடியோ வெளியே வந்து பெரிய பிரச்சனையானது. என் பேரனின் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. விக்டோரியா மாநில அரசு ஆய்வுக்கு உத்தரவிட்டது. அந்த வாரியமே 2019-ல், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் முதுகெலும்பில் கை வைக்கக் கூடாது என்று தன் உறுப்பினர்களைத் தடுத்தது. அந்த ஆய்வு, பெரிய காயங்கள் நடந்ததற்குச் சான்று குறைவு என்றும் சொன்னது, பலன் உண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றும் சொன்னது. இரண்டையும் நான் மறைக்கவில்லை. 2023 கடைசியில் வாரியம் தடையைத் தளர்த்தியது. 2024-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்த பிறகு மறுபடியும் தடை வந்தது. வாரியம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. நம் நாட்டில் டாக்டருக்குக் கவுன்சில் இருக்கிறது, எங்களைப் போன்ற செவிலியருக்கும் கவுன்சில் இருக்கிறது. இவர்களுக்கென்று அப்படி ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாருடைய பதிவை ரத்து செய்வீர்கள்?

"எங்க பிள்ளைக்கு அங்க போனப்புறம்தான் அழுகை நின்னுச்சு" என்று சொல்லுகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் சாயங்காலமும் ராத்திரியும் அழுகிற பிள்ளையின் அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். இதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். ஓமத்தண்ணி கொடுத்த வீட்டில் ஓமத்தண்ணியால் நின்றது என்பார்கள், திருநீறு போட்ட வீட்டில் திருநீற்றால் என்பார்கள். ஒன்றும் செய்யாத வீட்டிலும் நின்றிருக்கிறது. ஆறு தடவை வரச் சொன்னால், ஆறு தடவை முடியும்போது அழுகை குறைகிற வயது வந்துவிடுகிறது. 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் நிறுவனத்தார் இது சம்பந்தமான 6 ஆய்வுகளை, 325 குழந்தைகளின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்பதைப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்த ஆய்வுகளில், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கழுத்து ஒரு பக்கமே சாய்ந்திருப்பது நிஜமான குறையாகவும் இருக்கலாம். கழுத்துத் தசை இறுகிப் பிறக்கிற பிள்ளைகள் உண்டு. அதற்கு நம் அரசு ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி இருக்கிறது. எப்படிப் படுக்கப்போடுவது, எந்தப் பக்கம் கிலுகிலுப்பையைக் காட்டுவது, தசையை எப்படி மெல்ல நீட்டிவிடுவது என்று அம்மாவுக்குச் சொல்லித் தருவார்கள். காசு கிடையாது. என் பேரனுக்கும் அப்படித்தான் சரியானது. ஆனால் இது இருக்கிறது என்று பாளையங்கோட்டையில், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிற என் சம்பந்தியம்மாளுக்குத் தெரியவில்லை. விளம்பரம் மட்டும் தெரிந்திருந்தது.

அதற்கு நம் துறையும் பதில் சொல்ல வேண்டும், ஐயா. ஆஸ்பத்திரியில் பிரசவமான பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அவள் எந்த நர்ஸின் கணக்கு என்பதிலேயே ஆள் விட்டுப்போகிறது. கர்ப்பிணியைப் பதிவுசெய்து அரசு கொடுக்கிற பிக்மி எண் ஓர் ஊரில் இருக்கும், பிள்ளை வேறு ஊரில் இருக்கும். என் மருமகளை 21-ஆம் நாள் யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் அந்த ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இருந்திருக்கும்.

நான் கேட்பது இவைதான்.

எனக்கு வந்த பதிலில் உள்ள வாதத்தை அரசு ஏற்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். மருந்து கொடுக்காவிட்டால் பிறந்த பிள்ளையின் கழுத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாமா? ஏற்கவில்லை என்றால் அந்த மனுவைத் திரும்ப விசாரணைக்கு எடுக்க உத்தரவிடுங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலோ கருவியாலோ தட்டுவதையும் திருகுவதையும், காலைப் பிடித்துத் தொங்கவிடுவதையும் தமிழ்நாடு முழுவதும் தடை செய்யுங்கள். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. 2018-ல் அதற்கு விதிகளும் வந்தன. அந்தச் சட்டத்துக்குள் இவர்கள் வர மாட்டார்கள் என்றால், வரும்படி திருத்துங்கள். மருத்துவக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பலகை வைத்திருப்பவர்களை நேரில் போய்ப் பாருங்கள். "முதல் நாளிலிருந்தே வரலாம்" என்கிற விளம்பரங்களை அகற்றச் சொல்லுங்கள். பிரசவ வார்டு வாசலில் அவர்களுடைய துண்டுச்சீட்டு கிடைக்கக் கூடாது.

பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற பெண்ணை, அவள் இருக்கிற ஊரின் செவிலியர் பார்க்கும்படி மாற்றிக் கொடுங்கள். காலியாக உள்ள கிராம சுகாதார செவிலியர் இடங்களை நிரப்புங்கள். வீட்டுக்குப் போகிற செவிலியர், "பிள்ளையை எங்கேயாவது உரம் எடுக்கவோ தட்டி எடுக்கவோ கொண்டுபோனீர்களா?" என்று தவறாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கும்போது திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.

ஆச்சியின் மூன்று கேள்வியைத் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பால் குடிக்கிறதா, உடம்பு சுடுகிறதா, தட்டினால் விழிக்கிறதா. அதன் கீழே 108. இன்றைக்கும் நம் ஊர்களில் பிள்ளையைக் கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டிவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் உட்காரவைத்து இதைச் சொல்லிக் கொடுங்கள். சம்பளம் வேண்டாம், நான் வந்து நடத்துகிறேன்.

என் மனுவின் நகல், வந்த பதில், 7,500 ரூபாய்க்கான ரசீது, அந்த வீடியோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விசாரணைக்கு யார் வந்தாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்